வம்சம் உள்ளவளுக்கே நாவல்

ஆப்பிரிக்காவின் தென்முனையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த கேப் குடியேற்றத்தை வைத்து நாவல் எழுத உட்காருபவருக்குக் காகிதப் பஞ்சம் கிடையாது. 1652 ஏப்ரல் 6 அன்று கம்பெனியின் தளபதி யான் வான் ரீபெக் மேசை விரிகுடாவில் கப்பல் நிறுத்திய நாள் தொட்டுக் கம்பெனி விடாமல் எழுதியது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எந்தக் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது, தோட்டத்தில் கோஸ் எப்படி வந்திருக்கிறது, செம்புக்கும் புகையிலைக்கும் எத்தனை ஆடுமாடு கிடைத்தன, யார் திருடி அகப்பட்டான், அவனுக்கு என்ன தண்டனை என்று எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. வான் ரீபெக் காலத்து நாட்குறிப்பு மட்டுமே ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகள். கம்பெனியின் ஆவணங்களை 2003-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இத்தனை தாள்களுக்குள் பெண்கள் தலைகாட்டும் இடங்கள் சொற்பம். ஞானஸ்நானம், திருமணம், விற்பனைப் பத்திரம், உயில், குற்ற வழக்கு. ஒருத்தியின் பெயர் ஏட்டில் ஏற வேண்டுமானால் அவள் கைமாற வேண்டும், அல்லது சட்டத்தை மீற வேண்டும். அன்றாடம் மாவு பிசைந்தவளும் பால் கறந்தவளும் மலையோரத்து ஓடையில் துணி அலசியவளும் அந்தப் பேனாவின் கண்ணில் படவேயில்லை. எழுதியவன் ஆண், எழுதச் சொன்னவன் ஆண், ஆம்ஸ்டர்டாமில் அதை வாங்கிப் படித்த பதினேழு இயக்குநர்களும் ஆண்கள்.

அந்தப் பெண்களை நாவலுக்குள் கொண்டுவரும் முயற்சி 1990-களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் வேகம் பிடித்தது. நிறவெறி ஆட்சி முடிந்திருந்தது. யாருக்கு யார் மூதாதை என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. ஆப்பிரிக்கான்ஸிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வந்த அந்த நாவல்களைச் சேர்த்துவைத்துப் படித்தால் ஒரு சங்கதி உறுத்துகிறது. நடுநாயகமாக நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் யாருக்கோ பாட்டி. இன்றைய குடும்பம் ஒன்றின் கொடிவழியில் மேலே ஏறிப் போனால் எதிர்ப்படுகிறவர்கள். பிள்ளை தங்காதவளும், பிள்ளையைக் கொன்றவளும், பெயர் மட்டும் எஞ்சியவளும் நாவலாவதற்கு அரிதாகவே வாய்ப்புக் கிடைக்கிறது. ஆவணம் செய்த அதே தேர்வை, வேறொரு காரணத்துக்காக நாவலும் செய்கிறதோ என்பதே என் ஐயம்.

முதலில் க்ரோட்டோவா. அவளை விட்டுவிட்டு இந்த விஷயத்தைத் தொடவே முடியாது.

1642 வாக்கில் பிறந்தவள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்களில் கால்நடை வசதியற்று, கரையோரம் சிப்பியும் மீனும் கொண்டு பிழைத்த கோரிங்ஹைகோனா குழுவைச் சேர்ந்தவள். டச்சுக்காரர் ‘ஹாரி’ என்று அழைத்த அவுட்சுமாட்டோவின் உறவினர் மகள். பத்துப் பன்னிரண்டு வயதில் வான் ரீபெக் வீட்டுக்குள் வந்தாள். வேலைக்காரியா, வளர்ப்புப் பெண்ணா, பிணையா என்பது அன்றைக்கே தெளிவாக இல்லை. டச்சு கற்றாள், போர்ச்சுகீசியமும் பேசினாள். வளர்ந்ததும் கம்பெனியின் துபாஷி ஆனாள். அவளுடைய அக்கா கொச்சோகுவா குழுத் தலைவன் ஓடசோவாவின் மனைவி என்பதால், உள்நாட்டு மாடுகளைக் கண்வைத்த கம்பெனிக்கு அவள் திறவுகோல் போல இருந்தாள். 1659-இல் டச்சுக்காரரோடு போர் மூண்டபோது மறுபக்கம் நின்ற துபாஷி டோமன் அவளை வெள்ளைக்காரரின் வக்கீல் என்று ஏசினான். நாட்குறிப்பு தரும் ஒரு காட்சியை எந்த நாவலாசிரியரும் தவறவிட மாட்டார்: சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும்போது கோட்டைக்கு வெளியே டச்சு உடையைக் கழற்றிவிட்டுத் தோலாடை அணிந்துகொள்கிறாள், திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொள்கிறாள்.

1662 மே மாதம் ஈவா என்ற பெயரில் அவளுக்கு ஞானஸ்நானம். அதே மாதம் வான் ரீபெக் குடும்பம் கேப்பை விட்டுக் கிளம்பியது. 1664-இல் டென்மார்க் நாட்டவரான கம்பெனி அறுவை வைத்தியர் பீட்டர் வான் மேர்ஹோஃபைக் கைப்பிடித்தாள். கல்யாண விருந்தை அடுத்த தளபதி வாகனாரே கொடுத்தார். பிறகு கணவருக்கு ராபன் தீவின் மேற்பார்வை. பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா சிறையிருந்த அதே தீவு. மடகாஸ்கர் பக்கம் அடிமை வாங்கப் போன பயணத்தில் கணவர் கொல்லப்பட்டார். விதவையாகக் கரைக்குத் திரும்பியவள் குடித்தாள், திட்டினாள், குழந்தைகளைக் கவனிக்கவில்லை என்று ஏடு குறைகூறுகிறது. 1669-இல் குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தீவுக்கு அனுப்பினார்கள். வருவதும் போவதுமாக ஐந்தாண்டுகள். 1674 ஜூலை 29 அன்று இறந்தாள். மறுநாள் கோட்டைத் தேவாலயத்தில் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்துவிட்டு, வாந்தியைத் தின்னத் திரும்பும் நாயோடு அவளை ஒப்பிட்டு இரங்கற்குறிப்பு எழுதினார் கம்பெனி எழுத்தர். அடக்கத்தின் மரியாதையும் எழுத்தின் வன்மமும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை.

மூன்று நூற்றாண்டுக் காலம் வெள்ளையர் எழுதிய வரலாறு அந்தக் குறிப்பின் குரலிலேயே பேசியது. நாகரிகம் கொடுத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை என்பதற்கு ஈவா உதாரணம். வான் ரீபெக் வந்திறங்கியதன் முந்நூறாம் ஆண்டு விழாவை 1952-இல் நிறவெறி அரசு பெரிதாகக் கொண்டாடியபோது, இனத்தின் ஆதித் தாயாக மேடையேறியவள் அவருடைய மனைவி மரியா டி லா கெயெரி. (தென்னாப்பிரிக்கப் பண நோட்டுகளில் பல்லாண்டு வான் ரீபெக் என்று அச்சான முகம் வேறொருவருடையது, மரியாவின் ஓவியம் என்று புகழ்பெற்றதும் இன்னொரு டச்சுப் பெண்மணியுடையது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆதித் தாயின் முகமே இரவல்.) 1994-க்குப் பிறகு காற்று திரும்பியது. ஆப்பிரிக்கானர் நடிகை அந்தோனியெட் பினார் 1995-இல் க்ரோட்டோவாவைத் தனிநபர் நாடகமாக மேடையேற்றினார். நாயோடு ஒப்பிடப்பட்டவள் வானவில் தேசத்தின் தாயானாள். அவளுடைய மகள் வழியில் வந்த வெள்ளைக் குடும்பங்கள் ஏராளம். நேற்றுவரை மறைத்த பாட்டியை இன்று கூடத்தில் படமாக மாட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது: இந்த மண்ணில் எங்களுக்கும் ஆதிப் பாத்தியதை உண்டு. இந்தத் தழுவலில் எவ்வளவு அன்பு, எவ்வளவு சொத்துரிமை என்று ஆய்வாளர் கார்லி குட்ஸே அப்போதே கேட்டுவிட்டார்.

வரலாற்றாசிரியர்களுக்குள் நடந்த சண்டையும் நாவலுக்கு முக்கியம். இவெட் ஆப்ரஹாம்ஸ் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார்: க்ரோட்டோவாவின் குடியும் சீற்றமும் சிதைவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அறிகுறிகளாக ஏன் இருக்கக்கூடாது? ஆதாரம் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொண்டே, ஊகம் என்று தலைப்பில் அறிவித்தே எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து ஜூலியா வெல்ஸ் அதே ஏட்டிலிருந்து நேர்மாறான சித்திரத்தை எடுத்தார்: சாமர்த்தியமானவள், ஆண்களோடான நெருக்கத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவள், கணவனோடு அவளுக்கு இருந்தது காதல். இருவரும் படித்தது ஒரே வரிகளைத்தான். ஆணாதிக்க ஏடு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்ட இடத்தில் எதை வைத்தாலும் அது வைத்தவரின் முகத்தையே காட்டும்.

ட்ரூடி ப்ளூம் 1999-இல் வெளியிட்ட க்ரோட்டோவா நாவல் இந்தச் சண்டையின் நடுவே வந்து விழுந்தது. ஏடு தரும் நிகழ்ச்சி எதையும் விடாமல் வரிசையாகக் கதையாக்கும் உழைப்பு அதில் உண்டு. இவ்வகை நாவல்களுக்கு உள்ள பொதுவான இடர் என்னவென்றால், ஏடு எங்கே பேசுகிறதோ அங்கே நாவலும் பேசும். ஏடு மௌனமான இடத்தில் நாயகி காதலிப்பாள் அல்லது அழுவாள். பதினைந்து வயதில் இரண்டு மொழிக் கூட்டத்துக்கு நடுவே நின்று மாட்டு விலை பேசும் பெண்ணுக்கு அரசியல் மூளை இருந்திருக்க வேண்டும். அவள் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது எதைக் கூட்டினாள், எதைக் குறைத்தாள்? டோமனுக்கும் அவளுக்கும் நடந்த போட்டி எத்தகையது? அந்த மூளைக்குள் நுழைவது காதல் காட்சி எழுதுவதைவிடச் சிரமம். அதனால்தானோ என்னவோ, க்ரோட்டோவாவைப் பற்றிய எழுத்துகளில் துபாஷியைவிடத் துயரப்பட்ட தாயே அதிகம் வருகிறாள்.

அவளுடைய மகள் பீட்டர்நெல்லாவுக்கு வாய்த்த இரண்டு நாவல்களும் தரத்தில் மேலானவை. 1677-இல் பீட்டர்நெல்லாவையும் தம்பி சாலமோனையும் வளர்ப்புப் பெற்றோர் மொரிஷியஸுக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் டேனியல் ஸாய்மன் என்பவரை மணந்து, பெற்றெடுத்து, முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துக் கேப்புக்குத் திரும்பினாள். டலீன் மாத்தே எழுதிய ‘பீட்டர்நெல்லா வான் டி காப்’ 2000-இல் வந்தது. மாத்தே அதற்கு முன் நைஸ்னா காடுகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். மரத்தின் மொழி அவருக்குத் தெரியும். கருங்காலியை வெட்டிக் கப்பலேற்றவே கம்பெனி வைத்திருந்த அந்தத் தீவு அவர் கையில் உயிர் பெறுவதற்கு அதுவே காரணம். தாயை ஊரே எள்ளி நகையாடியதைப் பார்த்து வளர்ந்த பெண், தான் பாதி யார் என்று தெரியாமல் தவிப்பதை அவர் நாடகமாக்காமல் சொல்கிறார். ஆனாலும் முடிவில் வாசகருக்குக் கிடைப்பது ஓர் ஆறுதல்: குலம் பிழைத்தது, நாம் அதன் கிளைகள்.

டான் ஸ்லேய் எழுதிய ‘எய்லாண்டே’ (2002) வேறு வகை. ஸ்லேய் ஆவணக் காப்பகத்தில் ஆயுளைக் கழித்தவர். கம்பெனியின் காவல் நிலைகளைப் பற்றிப் பெரிய வரலாற்று நூல் ஒன்றை முன்பே எழுதியவர். அவருடைய நாவல் எழுநூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. பீட்டர்நெல்லாவைச் சுற்றி ஏழு ஆண்களின் வாழ்க்கை. மாலுமி, சிப்பாய், மீன்பிடிப்பவன், எழுத்தர் என்று ஒவ்வொருவனும் தன் பசியையும் தன் கப்பலையும் தன் தோல்வியையும் சொல்கிறான். அவளோ எல்லார் கதையிலும் வந்துபோகிறாள். அவளுக்கென்று தனிக் கதை இல்லை. பெண்ணைப் பேசவிடாத நாவல் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். ஏடு எப்படி இருந்ததோ அப்படியே நாவலைக் கட்டி, ஏழு ஆண்களும் சொல்லி முடித்த பின்னும் அவளை நமக்குத் தெரியவில்லை என்று காட்டியது நேர்மையான காரியம். பெண்ணின் குரல் என்று ஆண் எழுத்தாளர் ஒருவர் தயாரித்துக் கொடுப்பதைக் கேட்பதைவிட இந்த மௌனத்தைக் கேட்பது எனக்கு உவப்பு. ஆந்த்ரே பிரிங்க் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

தெரேஸ் பெனாடே எழுதிய ‘கைட்ஸ் ஆஃப் குட் ஃபார்ச்சூன்’ (2004) அன்னா டி கோனிங்கைப் பற்றியது. அன்னாவின் தாய் வங்காளத்து ஏஞ்சலா. அடிமையாக வந்து, வான் ரீபெக் வீட்டில் வேலை செய்து, 1666-இல் பிள்ளைகளோடு விடுதலை பெற்று, வெள்ளைக் குடியானவரை மணந்தவள். மகள் அன்னா ஸ்வீடன்காரத் தளபதி ஓலோஃப் பெர்கின் மனைவி ஆனாள். கான்ஸ்டான்ஷியா திராட்சைத் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது. கணவருக்குப் பின் சாகும்வரை அவளே அதன் உடைமைக்காரி. அவளுக்கும் அடிமைகள் இருந்தார்கள். அடிமையின் மகள் அடிமை வைத்திருந்தாள் என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் உண்மையான நாவல் இருக்கிறது. அன்னாவின் ஏற்றத்தைச் சொல்வது எளிது. அவள் வீட்டுச் சமையற்கட்டில் நின்ற இன்னொரு வங்காளப் பெண் அவளை எப்படிப் பார்த்திருப்பாள் என்பதைச் சொல்ல எழுத்தாளருக்கு வேறு துணிச்சல் வேண்டும்.

அவளைப் போல அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல. 1658-இல் இரண்டு கப்பல்களில் முதல் பெருந்தொகை அடிமைகள் வந்திறங்கினார்கள். 1808-இல் அடிமை வணிகம் தடைபடும்வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்டவர் ஏறத்தாழ 63,000 பேர் என்று ராபர்ட் ஷெல் கணக்கிட்டார். அவர்களில் நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். கம்பெனியின் அடிமைகளை அடைத்துவைக்க 1679-இல் கட்டிய விடுதி, இரவில் காவற்படைச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் ஒரு மணி நேரம் திறந்துவிடப்பட்டது. இதை மறைவாகச் செய்யவில்லை, ஊருக்கே தெரியும். அங்கே பிறந்த குழந்தைகளில் யாருக்குத் தகப்பன் வெள்ளையன் என்று நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். 1685-இல் பார்வையிட வந்த ஆணையர் வான் ரீடே, கலப்பில் பிறந்த ஆண் 25 வயதிலும் பெண் 22 வயதிலும் விடுதலை கேட்கலாம் என்று விதி செய்தார். முழு அடிமைப் பெண்ணை வெள்ளையன் மணப்பதைத் தடுத்தார். மலையாளக் கரையின் மூலிகைகளைத் தொகுத்த ‘ஹோர்டுஸ் மலபாரிகுஸ்’ நூலால் நமக்குத் தெரிந்த அதே வான் ரீடேதான். செடிகளை இலை இலையாகப் பார்த்தவர், மனிதர்களையும் அப்படியே வகைபிரித்தார்.

வம்ச நாவலுக்கு அகப்படாதவள் எப்படி இருப்பாள் என்பதற்கு வங்காளத்து சுசன்னாவைச் சொல்லலாம். திருட்டுக்குத் தண்டனையாகக் காது அறுக்கப்பட்டதால் ‘ஒற்றைக் காது’ என்று ஏட்டில் பெயர். கைக்குழந்தையைக் கொன்றாள் என்று 1669-இல் சாக்கில் கட்டி விரிகுடாவில் அமிழ்த்தினார்கள். க்ரோட்டோவாவிடமிருந்து குழந்தைகளைப் பிடுங்கிய அதே ஆண்டு. சுசன்னாவின் பேரன் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அவளை நடுவில் வைத்து எழுத எந்தக் குடும்பச் சங்கத்திடமிருந்தும் அழைப்பு வராது.

பிற்காலத்து வழக்கு ஒன்றில் இவெட் கிறிஸ்டியான்ஸே இதற்குக் கிட்டத்தட்ட விடை கண்டார். அவருடைய ‘அன்கன்ஃபெஸ்ட்’ (2006) மொசாம்பிக்கிலிருந்து சிறுமியாகக் கடத்தப்பட்ட சீலா என்ற அடிமையைப் பற்றியது. 1820-களில், குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்த காலம். சீலா தன் மகன் பாரோவைக் கொன்றாள். மரண தண்டனை மாறி, ராபன் தீவில் கல்லுடைக்கப் போனாள். வழக்குத் தாள்கள் இருக்கின்றன. ஏன் கொன்றாய் என்ற கேள்விக்கு நீதிமன்றம் எழுதிவைத்த பதிலோ சில சொற்களே. கிறிஸ்டியான்ஸே அந்தச் சில சொற்களை விரித்து விளக்கம் ஆக்கவில்லை. சீலா இறந்த மகனோடு பேசுகிறாள், சுற்றிச் சுற்றிப் பேசுகிறாள், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புகிறாள். நீதிபதி விரும்பிய வாக்குமூலத்தை வாசகருக்கும் அவள் தருவதில்லை. படிக்கச் சலிப்பூட்டும் பக்கங்கள் உண்டு. அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாம் கேட்டதும் கிடைத்துவிட்டால் நாமும் அந்த நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களாவோம்.

பிரிங்கின் ‘ஃபிலிடா’ (2012) வேறு வழியில் வந்தது. ஸாண்ட்ஃப்லீட் பண்ணையின் அடிமை ஃபிலிடா 1832-இல் எசமானின் மகன் ஃபிரான்ஸ்வா மீது முறையிட ஸ்டெல்லன்போஷுக்கு நடந்தே போகிறாள்: விடுதலை தருவதாகச் சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டான், பிள்ளைகளும் பிறந்தன, இப்போது வெள்ளைக்காரியை மணக்கப் போகிறான். அந்த எசமான் பிரிங்கின் முன்னோர் ஒருவரின் சகோதரன். எழுத்தாளர் தன் குடும்பப் பெயரின் வழியாகத்தான் ஃபிலிடாவிடம் போய்ச் சேர்ந்தார். இங்கேயும் வம்சம், ஆனால் குற்றவாளியின் பக்கத்திலிருந்து. இந்த நாவலில் எனக்குப் பிடித்தது ஃபிலிடா பின்னல்காரி என்பது. ஊசியும் நூலும் கையிலிருக்க அவள் யோசிக்கிறாள். தையல் பிரிந்தால் பிரித்துப் பின்னுவது அவளுக்குத் தெரியும். பெண்ணை அவளுடைய வேலையின் வழியாக அறியும் அபூர்வமான இடம் அது. அடிமை விடுதலைக்கு முந்தைய ஆண்டுகளை முஸ்லிம் அடிமைகள் பக்கமிருந்து சொன்ன ரேடா ஜேக்கப்ஸின் ‘த ஸ்லேவ் புக்’ (1998) இதற்கும் முந்தியது. கதைப்போக்கில் பழைய பாணி என்றாலும், சமையல், தொழுகை, குடும்பப் பாசம் என்று அடிமைகளுக்குள் இருந்த தனி உலகத்தை வெகுமக்களுக்குக் கொண்டுபோனதில் அதற்குப் பங்கு உண்டு.

வேலை என்று சொன்னேன். கேப் நாவல்களில் இது பெருங்குறை. படுக்கையறையும் நீதிமன்றமும் நிறைய; அடுப்படியும் ஓடைத்துறையும் குறைச்சல். கம்பெனியின் ஒரு கப்பல் மாதக்கணக்கான கடற்பயணத்துக்குப் பின் வந்து நின்றால் அத்தனை பேரின் அழுக்குத் துணியையும் யார் துவைத்தார்கள்? மேசைமலையிலிருந்து இறங்கும் ஓடையில் அடிமைப் பெண்கள்தாம். அந்தத் துறையில்தான் செய்தி பரிமாறப்பட்டிருக்கும். யார் தப்பப் போகிறார்கள், எந்தக் கப்பலில் யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம்.

அங்கே எந்த மொழி புழங்கியது என்பதும் நாவலாசிரியர்கள் எளிதாகக் கடந்துபோகும் கேள்வி. ஆசியத் துறைமுகங்களில் அடிமைகளுக்கும் எசமானர்களுக்கும் பொதுவாக ஓடியது ஒடிந்த போர்ச்சுகீசியம், அதனோடு மலாய். க்ரோட்டோவா போர்ச்சுகீசியம் கற்றது அந்த வீட்டு அடிமைப் பெண்களிடம்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. அப்படியென்றால் தளபதியின் மேசையில் டச்சு, பின்கட்டில் போர்ச்சுகீசியம். எழுத்தருக்கு எட்டாத பேச்செல்லாம் இரண்டாவதில் நடந்தது. ஆப்பிரிக்கான்ஸ் என்று இன்று அழைக்கப்படும் மொழி உருவானதில் அந்தப் பின்கட்டுக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்கான்ஸில் வரலாற்று நாவல் எழுதுபவர் தன் மொழியே அந்தச் சமையற்கட்டிலிருந்து வந்தது என்பதைக் கதைக்குள் வைத்தால் எப்படியிருக்கும்!

பின்கட்டில் நின்றவர்களில் ஒருத்தி நம் கரையிலிருந்து போனவள். கம்பெனி ஏடுகளில் அவள் பெயர் பாலியகட்டாவின் கத்தரீனா. கேப்பில் ‘பெரிய கத்ரைன்’. பாலியகட்டா என்பது பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுமைக்கும் அதுவே அவர்களுடைய தலைமையிடம். துணியோடு மனிதர்களும் அங்கிருந்து கப்பலேறினார்கள். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் தெலுங்குச் சீமையிலிருந்தும் தமிழ்ச் சீமையிலிருந்தும் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில். ஆகவே பழவேற்காட்டின் கத்தரீனா என்பதால் அவள் பிறந்த ஊர் பழவேற்காடு என்றோ தாய்மொழி தமிழ் என்றோ முடிவு கட்டக்கூடாது. கப்பலேறிய துறை அது, அவ்வளவே. அவளை அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அடிமையாக இருந்தபோது, காதலன் ஒருவனோடு நடந்த கைகலப்பில் அவன் அடிபட்டு இறந்தான். 1656-இல் மரண தண்டனை விதித்தார்கள்; பிறகு அதை ஆயுள் முழுக்கக் கேப்புக்கு நாடுகடத்தலாக மாற்றினார்கள். 1657-இல் வந்திறங்கினாள். கேப்புக்குத் தண்டனைக் கைதியாக அனுப்பப்பட்ட பெண்களில் ஏட்டில் முதலில் காணப்படுபவள் அவளே. தளபதி வீட்டுத் துணி துவைப்பது அவள் வேலை. க்ரோட்டோவாவும் அதே கோட்டைக்குள் இருந்த காலம். பின்னர் மன்னிப்புக் கிடைத்தது. ஸ்நேமன் என்ற ஜெர்மானியச் சிப்பாய்க்கு ஒரு மகனைப் பெற்றாள். சிப்பாய் தண்டனை பெற்று ராபன் தீவுக்குப் போனான். விடுதலை பெற்ற அடிமையான வங்காளத்து ஆந்தோனியை 1671-இல் மணந்தாள். மகன் கிறிஸ்டோஃபல் வளர்ந்து, மதத் துன்பத்துக்குத் தப்பிப் பிரான்ஸிலிருந்து வந்த டி சவோயே குடும்பத்துப் பெண்ணை மணந்தான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்நேமன் என்ற பெயர் தாங்கிய வெள்ளைக் குடும்பங்கள் பலவற்றின் ஆதி இந்தக் கல்யாணம். ஆக, கத்ரைனும் பாட்டிதான். வம்சாவளி ஆய்வாளர்கள்தாம் அவளைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார்கள், முக்கியமாக மான்ஸெல் அப்ஹாம்.

பழவேற்காட்டில் இன்று போய்ப் பார்த்தால் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள், உள்ளே பெயரும் பட்டமும் குலச் சின்னமும் பொறித்த பலகைகள். அனுப்பியவர்களுக்குக் கல் உண்டு. அனுப்பப்பட்டவர்களுக்குப் பத்தேவியாவிலும் கேப்டவுனிலும் டச்சுக் கையெழுத்தில் தாள் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து பிரபஞ்சன் புதுச்சேரியை எழுப்பியது போல ஒருவர் இதைச் செய்ய முனைந்தால் அவருக்குப் பிள்ளையைப் போன்ற உள்ளூர்ச் சாட்சி கிடைக்கமாட்டார். எல்லாமே வழக்குத் தாள், கணக்குத் தாள்.

அப்படி எழுதுபவர் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருக்கும்: நாவலை எங்கே தொடங்குவது. ஏரிக்கரையில், அம்மாவும் மீன்வாடையும் தாலாட்டுமாகத் தொடங்கினால் தமிழ் வாசகர் உடனே ஒட்டிக்கொள்வார். அந்த முதல் அத்தியாயம் முழுவதும் எழுத்தாளரின் சரக்கு. அவளை நம் பெண் என்று பதிவு செய்துகொள்ளும் பத்திரம். ஸ்நேமன் குடும்பம் மறுமுனையில் செய்வதை நாம் இம்முனையில் செய்வோம். நானாக இருந்தால் பத்தேவியா நீதிமன்றத்தில் தொடங்குவேன். பெயர், ஊர் என்று எழுத்தர் கேட்கிறார். துபாஷி போர்ச்சுகீசியத்தில் மாற்றுகிறான். அவள் என்ன சொன்னாளோ, அவர் பாலியகட்டா என்று எழுதிக்கொள்கிறார்.